மூன்றாம் துளை

ஷெட்டின் தரை,
மழைத்தண்ணீர் வடிய ஒன்றேகால் டிகிரி சரிவு.
முதலில் அதைக் கழிக்க வேண்டும்.
கழிக்காமல் வைக்கிற கோணத்தில் பாதி
தளம் போட்ட கொத்தனாருடையது.

எஸ்டீம். தொண்ணூற்றொன்பது மாடல்.
பின்சீட்டு இல்லை, கதவு அட்டை இல்லை,
ஏசி இருந்த இடத்தில் ஓட்டை.
டிக்கியின் மேல் மட்டும்
கொச்சியில் பேரம் பேசி வாங்கிய
நாலடி அலுமினியம்.
இறக்கை என்றுதான் சொல்கிறோம்.
அதன் வேலையோ
பறந்துவிடாமல் பிடித்து வைப்பது.

பக்கத் தகட்டில் ஐந்து துளை,
ஒன்றுக்கு மூன்று டிகிரி.
ஸ்டெனிஷ் ஐந்தாவதில் போல்ட்டைச் செருகிக்
கை துடைத்தான்.
"கெடக்கட்டு ஜெர்லின். அமுக்கம் கூடுனா நல்லதுதானே."
போன மாதம் கோயம்புத்தூரில்
நாலாவது வளைவில்
காரின் பின்பக்கம் அவனை முந்தப் பார்த்ததை
அவன் சொல்லவில்லை.
வீடியோவில் நான் பார்த்தேன்:
புல், வானம், புல்,
பிறகு வெகுநேரம்
ஸ்டியரிங்கை விடாத இரண்டு கை.

எனக்குக் காற்றாலையில் வேலை.
எண்பது மீட்டர் உயரத்தில்
பிளேடின் வேர்ப்பல்லுக்கு கிரீஸ் வைக்கிறவள்.
காற்று மிஞ்சினால் பிளேடு தானே
முகம் திருப்பிக்கொள்ளும்.
இதைச் சொன்னால்
"ஏட்டி, இது காரு" என்பான்.
சொல்லவில்லை.
பார்வதிபுரத்தில் ஒரு உருண்டை
சிவப்புக் கம்பளி நூல் வாங்கினேன்.

ஞாயிறு, விடிந்தும் விடியாமலும்
ஆரல்வாய்மொழி.
கம்பெனிக்குள் போகிற மண்ரோட்டில்
காரின் மூக்கை மேற்கே பார்த்து நிறுத்தினோம்.
ஆடிக் காற்று.
பனையெல்லாம் கிழக்குப் பக்கமாகத்
தலை சீவி நிற்கிற ஊர்.
ஸ்டெனிஷ் திறந்த கதவைக் காற்றே
அவன் முழங்காலில் சாத்தியது.

இறக்கையின் அடிவயிற்றில்
விரல் நீளத்துக்கு வெட்டி ஒட்டிய
முப்பது நூல்.
இருவரும் குனிந்தோம்.

ஐந்தாம் துளை:
நூலுக்குப் பைத்தியம்.
சுழல்கிறது, முன்னால் திரும்பிப் பார்க்கிறது,
ஒன்றையொன்று கட்டிக்கொள்கிறது.
காற்று அங்கே ஒட்டவே இல்லை.
அமுக்கம் போய் இழுவை மட்டும் மிச்சம்.

நாலு:
பின்விளிம்பில் ஒரு வரிசை மட்டும்
முணுமுணுத்தது.

மூன்று:
முப்பதும் படுத்துவிட்டன,
எண்ணெய் வைத்து வாரிய மாதிரி.

"நாலுல வைப்போம்" என்றான்.
"முன்சக்கரம்லா இழுக்கு.
பின்னால போட்டு அமுக்குனா
மூக்கு திரும்பாது."
"இது அம்பது கிலோமீட்டர் காத்துதானே?"
"அங்க நூத்தம்பதுல வருவ.
மூணு மடங்கு வேகம், ஒம்பது மடங்கு பாரம்."

காற்றாடிகள் எங்கள் தலைக்கு மேல்
வெட்டிக்கொண்டே இருந்தன.
அவன் எழுந்திருக்கவில்லை.
என்னிடம் அல்ல, நூல்களிடம் சொன்னான்:
"வளைவுக்குள்ள வச்சு
ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்துட்டேன்.
பயந்து.
இறக்கை ஒண்ணும் செய்யல."

அதற்கு ஒரு துளை
கொச்சிக்காரன் போட்டுத் தரவில்லை.

பத்தாம் நம்பர் ஸ்பேனரை நீட்டினேன்.
மூன்றாவதில் அவனே முறுக்கினான்,
இடது ஒன்று, வலது ஒன்று,
பிறகு மறுபடி இடது.
நோட்டில் எழுதினேன்:
ஒன்பது. தரை கழித்து.

நூலைப் பிய்க்கப் போனேன்.
இருக்கட்டும் என்றான்.

தோவாளையில் டீக்கு நின்றபோது
பிச்சி மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவர்
பிக்கப்பின் பின்னால் கட்டியிருந்த காரை,
சிவப்பு நூலை,
குனிந்து பார்த்துவிட்டு
எந்தக் கோவில் நேர்ச்சை என்று கேட்டார்.
ஸ்டெனிஷ் கொஞ்சம் யோசித்தான்.
"நாலாவது வளைவு."

அவர் தலையாட்டினார்,
அந்த ஊர் தெரியும் என்பதுபோல.
பிக்கப் கிளம்பி மேற்கே திரும்பியதும்
காலியாகக் கிடந்த துளைகள்
ஊதத் தொடங்கின.